பெரிய மீன் தொட்டி: மீன் விடும் முன் தண்ணீரைப் பண்படுத்துங்கள்!

‘புது வீடு கட்டி, கூடத்தில் நாலடி மீன் தொட்டி வைத்தோம். இருபது மீன் விட்டோம். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. தினமும் தண்ணீரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எங்கள் தண்ணீரில் விஷம் இருக்கிறதா?’

ஊரும் மீனும் மட்டும் மாறி மாறி, இப்படி ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. நெல்லுக்கும் தென்னைக்கும் பதில் சொல்கிற வேளாண் அலுவலரிடம் அலங்கார மீனைப் பற்றிக் கேட்கலாமா என்ற தயக்கத்தோடுதான் பலரும் கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஏனென்றால், இந்த மீன்கள் சாவதற்குக் காரணம், விவசாயிக்கு நன்றாகத் தெரிந்த தழைச்சத்து விவகாரம்தான்.

உழவு ஓட்டி, தொழுவுரம் இட்டு, வயலைப் பண்படுத்தாமல் யாரும் நாற்று நடுவதில்லை. ஆனால் மீன் தொட்டியில் மட்டும் காலையில் தண்ணீர் நிரப்பி, மாலையில் மீனை விட்டுவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

யூரியாவுக்கு நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கிறது

மீன் தன் உடலின் தழைச்சத்துக் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீவனமும், மீனின் சாணமும் அழுகி அம்மோனியாவாகவே மாறுகின்றன.

நாம் வயலில் இடுகிற யூரியாவும் முதலில் அம்மோனியாவாகத்தான் மாறுகிறது. மண்ணில் உள்ள நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதைப் பயிர் எடுத்துக்கொள்ளும். இதே வகை பாக்டீரியாக்கள் மீன் தொட்டியின் கூழாங்கல்லிலும், ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழ்ந்து இதே வேலையைச் செய்கின்றன.

புதுத் தொட்டியில் அவை இருப்பதில்லை. அம்மோனியா சேர்ந்துகொண்டே போய் செவுளைப் புண்ணாக்குகிறது. அதைத் தாண்டினால் நைட்ரைட் ஏறுகிறது. நைட்ரைட், மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பது இதனால்தான். கடைசியில் உருவாகும் நைட்ரேட்டுக்கு அவ்வளவு கடுமை கிடையாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே அது குறைந்துவிடும்.

களர் நிலத்தில் மேலாகத் தூவிய யூரியா ஆவியாகி வீணாகும் என்று சொல்வோம். அதே கணக்கு தொட்டிக்கும் பொருந்தும். தண்ணீரின் காரத்தன்மை கூடக்கூட, அம்மோனியா விஷ வடிவத்துக்கு மாறுகிறது. 28 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதுவே 8.5 என்றால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு விஷமாக இருக்கும். நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது காரத்தன்மையுள்ள நீர். அதனால் நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

தினமும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறவர்கள், அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டியைவிடப் பெரிய தொட்டியைப் பராமரிப்பது எளிது. தண்ணீர் அதிகம் இருந்தால் கழிவும் வெப்பமும் மெதுவாகத்தான் ஏறும். கவனித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் எடையை மறந்துவிடக் கூடாது.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 12 கன அடி, அதாவது சுமார் 340 லிட்டர். மேலே இடம் விட்டு, கல்லும் போட்டால் ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 400 கிலோவைத் தாண்டும். எட்டு, ஒன்பது சிமென்ட் மூட்டைகளை ஒரே இடத்தில் அடுக்கியதுபோல. சாதாரண மர மேசையோ, பழைய டி.வி. ஸ்டாண்டோ இதைத் தாங்காது. இரும்பு ஆங்கிள் சட்டம் அல்லது செங்கல் கட்டு வேண்டும். மட்டக்கோல் வைத்துச் சமன் பாருங்கள். பலகைக்கும் தொட்டிக்கும் நடுவில் தெர்மாகோல் அட்டை ஒன்று இருந்தால், சிறு மேடு பள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடாது. மாடி வீடு என்றால் சுவரோரமாக, உத்தரத்துக்கு மேலாக வரும்படி வையுங்கள்.

இரண்டடி உயரத் தொட்டிக்குக் கண்ணாடி 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 12 மி.மீ. இன்னும் பாதுகாப்பு. மேல் விளிம்பில் குறுக்குப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். மீன் தொட்டிக்கென்று உள்ள சிலிக்கான் பசையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த பசை மீனுக்கு ஆகாது. வீட்டுக்குள் கொண்டுவரும் முன், வாசலிலேயே தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். நிரப்பிய தொட்டியை எந்தக் காரணத்துக்காகவும் நகர்த்தக் கூடாது.

நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். பாசி மண்டும். அடுப்புப் புகை வரும் இடமும் வேண்டாம்.

ஃபில்டர் வாங்கும்போது, மணிக்குத் தொட்டி நீரைப்போல் நான்கைந்து மடங்கு ஓட்டும் திறன் பாருங்கள். 300 லிட்டருக்கு, மணிக்கு 1,200 முதல் 1,500 லிட்டர். ஏர் பம்பும் ஃபில்டரும் சேர்ந்து 30 வாட், விளக்கு 20 வாட் என்றால், இரண்டு மாத மின் கணக்கில் 50 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஒயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. நடுவில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருப்பது கட்டாயம். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

எந்தத் தண்ணீர்?

கூட்டுக்குடிநீர், ஊராட்சிக் குழாய் நீர் இரண்டிலும் குளோரின் இருக்கும். அது மீனையும் பாக்டீரியாவையும் சேர்த்தே தாக்கும். அகன்ற டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வையுங்கள். பம்ப் இல்லாவிட்டால் இரண்டு நாள்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆனால் பூமிக்குள் இருந்து வந்த கையோடு அதில் பிராணவாயு மிகக் குறைவு. இரும்புச் சத்தோ, அழுகிய முட்டை வாடையோ இருக்கலாம். அதையும் ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்தே ஊற்ற வேண்டும். உப்பு நீர் என்றால், முடிந்தபோது மாடியில் பிடித்த மழைநீரைக் கலந்துகொள்ளலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்பாதீர்கள். அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் இல்லை. ஏற்கெனவே கடின நீர் உள்ளவர்கள், அழகுக்காகச் சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் போட வேண்டாம். கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு.

ஒரு மண்டலம் பொறுங்கள்

கல், ஃபில்டர், தண்ணீர் எல்லாம் தயாரான பிறகு, மீன் விடாமலேயே ஃபில்டரை இரவு பகலாக ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுதான் இரை. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது. அலங்கார மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் பரிசோதனை மருந்துகள் கிடைக்கின்றன. இரண்டும் பூஜ்யம் காட்டினால் தண்ணீர் பண்பட்டுவிட்டது என்று பொருள்.

இதைச் சீக்கிரமாக்க ஒரு வழி உண்டு. பாலைத் தயிராக்க உறை மோர் ஊற்றுவதுபோல, நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பயறு விதைக்கு ரைசோபியம் கலக்கும் நமக்கு இது புதிது இல்லை.

பிறகும் எல்லா மீனையும் ஒரே நாளில் விடக் கூடாது. ஐந்து, ஆறாக, வாரம் ஒருமுறை விடுங்கள். வாங்கி வந்த பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பைக்குள் தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் சேர்க்கிறோமா? அதுபோல, புது மீனைத் தனி டப்பில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

எந்த மீன், எத்தனை மீன்?

கையில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். கடின நீருக்கு மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் நன்றாக வரும். மோலி சற்று உப்பு நீரையும் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டும் மென்னீர் மீன்கள். நம் கிணற்று நீரில் அவற்றை வைத்துச் சிரமப்பட வேண்டாம். கௌராமி, ஃபைட்டர் மீன்கள் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் என்பதால் பிராணவாயுக் குறைவைத் தாங்கும். ஆனால் ஆண் ஃபைட்டர்கள் இரண்டை ஒன்றாக வைத்தால் சண்டையில் ஒன்று செத்துவிடும்.

300 லிட்டர் தொட்டிக்கு, மோலி, பிளாட்டி போன்ற சிறு மீன்கள் 30 முதல் 40 போதும். குட்டி போடும் மீன்கள் பெருகும் என்பதால் முதலில் குறைவாகவே விடுங்கள். தங்க மீன் என்றால் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். அது நிறையத் தின்று, நிறையக் கழிக்கும் மீன். ‘தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்’ என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். வளர்ச்சி குன்றினால் அது நலிந்த மீன். விரல் அளவில் வாங்கும் சக்கர் மீன் ஓரடியைத் தாண்டும். கோய் கெண்டை இரண்டடி வரை வளரும். கோய்க்கு ஏற்றது வாசலில் உள்ள சிமென்ட் குளம்தான்.

வாராந்தர வேலை

தீவனத்தை ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம். மீனுக்குக் கெடுதல் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு முறை போடுவதுதான் பல தொட்டிகளைக் கெடுக்கிறது. ஒருவர் பொறுப்பில் விடுங்கள். சோறு, பொரி, பிரெட் வேண்டாம். கொசுப்புழு, நறுக்கிய மண்புழு இரண்டும் நல்ல இரை. தங்க மீனுக்கு அசோலாவும் கொடுக்கலாம்.

வாரம் ஒருமுறை நான்கு அல்லது ஐந்து குடம் தண்ணீரை அடியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, தயாராக வைத்த நீரை ஊற்றுங்கள். ‘தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது’ என்று, வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. வடிகால் இல்லாத நிலத்துக்கு உப்பு நீர் பாய்ச்சினால் நிலம் உவராவதுபோல, தொட்டியும் உவராகிவிடும். தண்ணீர்தான் ஆவியாகிறது. உப்பு அப்படியே தங்குகிறது.

ஃபில்டர் பஞ்சை மாதம் ஒருமுறை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிழிந்து வையுங்கள். பளிச்சென்று ஆக வேண்டாம். அந்தப் பழுப்பு நிறத்தில்தான் பாக்டீரியா இருக்கிறது. சோப்பு எங்கும் படக் கூடாது. விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும்.

கோடையும் மின்தடையும்

சூடு ஏறினால் தண்ணீர் பிராணவாயுவைப் பிடித்து வைக்காது. 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8.2 மில்லிகிராம் வரை கரையும். 32 டிகிரியில் 7.3 தான். மீனுக்கோ வெயிலில் தேவை கூடுகிறது. சித்திரை, வைகாசியில் மூடியைத் திறந்து கொசுவலைத் துணி கட்டி, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படவிடுங்கள். ஓரிரு டிகிரி குறையும்.

மின்சாரம் போனால் தீவனம் போடாதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கால் மணிக்கு ஒருமுறை, சொம்பில் தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மூடிய டப்பா வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய கெட்ட நீரைக் கொட்டி அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மருந்தடிக்கிற வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை

இது நகரத்துக் கடைக்காரர் சொல்லாத விஷயம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே மீனைக் கொல்லும். வயலில் மருந்தடித்த கையோடு தொட்டியில் கை விடாதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகுதான் தொட்டிப் பக்கம் போக வேண்டும். மருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. கொசுவர்த்தியிலும், கொசு ஸ்பிரேயிலும் இருப்பது இதே குடும்பத்து மருந்துதான். ஏர் பம்ப் அந்தக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே விடும். தொட்டி உள்ள அறையில் அவற்றைத் தவிர்த்துக் கொசுவலை கட்டுங்கள்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: புதுத் தொட்டித் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கிறது. கொட்டிவிடலாமா?

வேண்டாம். அழுகும் பொருளைத் தின்னும் வேறு வகை பாக்டீரியா திடீரென்று பெருகுவதால் வருவது அது. தீவனத்தைக் குறைத்து, ஃபில்டரை ஓடவிட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகத் தெளியும்.

கேள்வி: மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். என்ன மருந்து?

இது ஒட்டுண்ணி நோய். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு போதும். 300 லிட்டருக்கு 600 கிராம். தனியாகக் கரைத்து, இரண்டு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். மீனின் தோலுக்குள் இருக்கும் கிருமியை உப்பு தொடாது. வெளியே நீந்தும்போதுதான் பிடிக்கும். எனவே, புள்ளி மறைந்தாலும் இரண்டு வாரம் தொடருங்கள். இடையில் தண்ணீர் மாற்றினால், ஊற்றும் புது நீருக்கு அதே கணக்கில் உப்புச் சேர்த்து ஊற்றுங்கள். தொட்டியில் செடியோ, கெளுத்தி வகை மீனோ இருந்தால் உப்பு அவற்றைப் பாதிக்கும். அவற்றை முன்பே வேறு டப்புக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீர் செடிக்கு உரமாகுமா?

கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் தாராளமாக ஊற்றலாம். ஆனால் அதை நம்பி உரத்தை நிறுத்திவிட வேண்டாம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 70 லிட்டர் நீரில் இருக்கும் தழைச்சத்து, ஒன்றரை கிராம் யூரியாவுக்குக்கூட ஈடாகாது. தண்ணீர் வீணாகாமல் இருப்பதுதான் இதில் உண்மையான லாபம். உப்போ மருந்தோ போட்ட நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது.

கேள்வி: இதில் வருமானம் பார்க்க முடியுமா?

கூடத்துத் தொட்டி வருமானத்துக்கு அல்ல. ஆனால் ஓராண்டு அதைச் சாகாமல் பராமரிக்கத் தெரிந்துகொண்டால், கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி மோலி, கப்பி வளர்க்கும் அடிப்படை கைக்கு வந்துவிடும். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற இடம். முதலீடு போடும் முன் அங்கே ஒரு நடை போய், எது விலை போகிறது என்று பாருங்கள். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கும் மானியம் சேர்க்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை உங்கள் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

கேள்வி: சக்கர் மீன் பெரிதாகிவிட்டது. கொல்ல மனமில்லை. ஊர் ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டிகளிலிருந்து வெளியேறிய சக்கர் மீன்கள் தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டன. உடம்பெல்லாம் எலும்புத் தகடு என்பதால் நம் மீன்களும் பறவைகளும் அதை எளிதில் தின்ன முடியாது. துடுப்பு முள் வலையைக் கிழிக்கும். முட்டையிட, கரையில் வளை தோண்டும். ஏரிக்கரை அரித்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரி, குளம், கிணறு, வாய்க்கால் எதிலும் விடாதீர்கள். தொட்டிச் செடிகளையும் வாய்க்காலில் கொட்டாமல் வெயிலில் காயப்போட்டு, எருக்குழியில் சேருங்கள். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவரப்பட்ட செடிதான்.